அனர்த்தத்துக்குப் பின் பெண்களின் உளநலம்: அயலவர்களாக நாம் செய்யக்கூடியவை

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வது, தொலைந்த அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மீளப் பெறுவது, வீட்டுக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பது ஆகியவற்றை இந்தக் கைநூலின் மற்றப் பகுதிகளில் பார்க்கலாம். இந்தப் பகுதி கண்ணுக்குத் தெரியாத ஒரு சேதத்தைப் பற்றியது. வெள்ளம் வடிந்து, கூரை போட்டு, அடுப்பு மூட்டிய பிறகும் சிலருடைய மனம் ஊர் திரும்பியிருக்காது. பல வீடுகளில் அது பெண்களின் மனமாக இருக்கிறது. அவர்கள் அதை வெளியே சொல்வதும் குறைவு.

இதைப் பெண்களுக்காக எழுதியிருக்கிறோம். வீட்டிலுள்ள ஆண்களும் வாசித்தால் நல்லது. வாசிக்க முடியாத அம்மம்மாவுக்கோ அயல்வீட்டு அக்காவுக்கோ யாராவது உரத்து வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

ஒரு தாய். சில மாதம் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார், பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்தார், இப்போது தன் வளவுக்கே திரும்பி வந்துவிட்டார். காலையில் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் வரிசையில் நிற்கிறார். "அவ நல்ல தைரியசாலி, எதையும் தாங்குவா" என்று ஊர் சொல்கிறது.

இரவில் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் அவர் எழும்பிவிடுவார். பிள்ளைகளை எழுப்பிச் சட்டை போட்டு, விடியும்வரை வாசலில் இருப்பார். தலையிடி என்று மூன்று தடவை வைத்தியசாலைக்குப் போனார். மூன்று தடவையும் பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். நித்திரை இல்லை என்பதை அங்கே அவர் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம்.

இந்தத் தாய் கற்பனை. ஆனால் வாசிக்கும்போது உங்களுக்கு யாராவது ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்திருந்தால், இந்தப் பகுதி அவருக்காக. அந்த முகம் உங்களுடையதாக இருந்தால், இது உங்களுக்காக.

பெண்களுக்குச் சுமை ஏன் கூடுகிறது?

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் 35,000 பேர் வரையில் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் பின்னர் செய்த ஆய்வொன்றில், ஆண்களைவிடப் பெண்களும் சிறு பிள்ளைகளுமே அதிகம் இறந்தது தெரியவந்தது. காரணங்களை ஊரில் எல்லோரும் அறிவார்கள். கடற்கரைக் கிராமமாக இருந்தும் பெண் பிள்ளைகளுக்கு நீந்தவோ மரம் ஏறவோ யாரும் பழக்கவில்லை. சேலை காலைச் சுற்றியது. நீண்ட கூந்தல் முள்ளிலும் வேலியிலும் சிக்கியது. இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஓட வேண்டியிருந்தது.

தப்பிய பெண்களுக்கு வேறு சுமை காத்திருந்தது. "என் கைப்பிடி நழுவிப் போச்சு" என்ற எண்ணத்தோடு வாழ்வது அதில் பெரியது. நலன்புரி நிலையங்களில் உடை மாற்ற மறைவில்லை. மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டிய துணி இல்லை. இருட்டில் மலசலகூடத்துக்குப் போகப் பயம். தாயை இழந்த பிள்ளைகளைச் சித்தியும் அம்மம்மாவும் பொறுப்பேற்றார்கள். தங்கள் துக்கத்தை அழுது தீர்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்னொரு இழப்பை வெளியாட்கள் கவனிக்கத் தவறினார்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது வழமை. கலியாணம் முடித்தபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆழிப்பேரலைக்குப் பின் புதிய வீடுகள் கட்டப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்று பதியப்பட்ட கணவரின் பெயரில் பல வீடுகள் போயின. தாய்வழியாக வந்த வளவு ஒரு பெண்ணின் கையைவிட்டுப் போனால், அவர் நிற்கும் நிலமே அசைகிறது. உளநலம் என்பது உறுதிப் பத்திரத்திலும் இருக்கிறது என்பதை அந்த அனுபவம் காட்டியது. ஆகவே வீட்டுக் கொடுப்பனவுப் படிவத்தில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மலையகத்திலும் இதே சுமையை வேறு வடிவில் காணலாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்தபோது லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தக் காலையில் தொழிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்ததால் தப்பியவர்கள் பலர். "நான் அங்கே இல்லாமல் போனேனே" என்ற குற்ற உணர்வு அப்படித் தப்பியவரையும் பிடித்துக்கொள்கிறது.

எது இயல்பு?

பெரிய ஆபத்தைக் கண்ட மனமும் உடலும் உடனே அமைதியடைவதில்லை. கீழே உள்ளவை திரும்பி வந்த முதல் வாரங்களிலும் மாதங்களிலும் பலருக்கும் வருபவை. இவை நோய் அல்ல.

• நித்திரை குழம்புதல், கெட்ட கனவு, மழை அல்லது கடல் இரைச்சலுக்குத் திடுக்கிடுதல்
• தலையிடி, நெஞ்சு பாரம், படபடப்பு, கைகால் உளைவு, அடிக்கடி பெருமூச்சு
• காரணமின்றி அழுகை, அல்லது அழவே முடியாமல் மனம் விறைத்துப் போதல்
• பிள்ளைகள் மீது எரிந்து விழுதலும் பிறகு அதற்காக வருந்துதலும்
• குறிப்பிட்ட இடத்துக்கோ கிணற்றடிக்கோ கடற்கரைக்கோ போகப் பயப்படுதல்
• "நான் ஏன் தப்பினேன்?" என்ற எண்ணம்

பெரும்பாலானவர்களுக்கு இவை மெல்ல மெல்லக் குறைகின்றன. குறைவதற்கு உதவுபவை சாதாரண விடயங்கள்தான்: பாதுகாப்பான வீடு, ஒழுங்கான வருமானம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது, சொந்தக்காரர் அருகில் இருப்பது, பேசுவதற்கு ஒரு ஆள். ஐந்தாவது விடயத்துக்குக் காசு தேவையில்லை. அது அயலில்தான் கிடைக்கும்.

துன்பம் ஒரே சீராகக் குறையாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். மாரி தொடங்கும்போது, இறந்த பிள்ளையின் பிறந்தநாளில், ஆண்டு நினைவு நாளில் அது திரும்பி வரும். ஒவ்வொரு டிசம்பர் 26 ஆம் திகதியும் காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆண்டுகள் பல போன பின்னும் அந்த இரண்டு நிமிடத்தில் உடைந்து அழும் பெண்கள் இருக்கிறார்கள். அது பின்னடைவு அல்ல. அந்த நாட்களை முன்கூட்டியே குறித்து வைத்து, அவர்களைத் தனியே விடாமல் இருங்கள்.

அயலவர் எப்படி உதவலாம்?

பயிற்சி பெற்றவர்தான் உதவ வேண்டும் என்றில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது. நம் ஊருக்கு ஏற்றபடி அவற்றை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

பாருங்கள். யார் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார்? யாருடைய வீட்டில் அடுப்புப் புகை பிந்தி எழும்புகிறது? யார் தலை வாராமல், முகம் கழுவாமல் இருக்கிறார்? யாருடைய பிள்ளை நாட்கணக்கில் பள்ளிக்கூடம் போகவில்லை?

கேளுங்கள். "இரவில நித்திரை வருதா அக்கா?" என்று தொடங்குவது "உங்களுக்கு மனப் பிரச்சினை இருக்கா?" என்று தொடங்குவதைவிட நல்லது. அவர் பேசினால் இடையில் வெட்டாமல் கேளுங்கள். பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கூட இருந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாலே போதும். நடந்ததை முழுவதும் சொல்லவைத்தால்தான் ஆறும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆழிப்பேரலைக்குப் பின் பல இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே பெண்ணிடம் திரும்பத் திரும்ப அதே கதையைக் கேட்டதால் துன்பம் கூடியதுதான் மிச்சம்.

சேர்த்துவிடுங்கள். அவருக்கு என்ன தேவை என்று கேட்டு, அதைத் தரக்கூடியவரிடம் கூட்டிச் செல்லுங்கள். சில வேளை அது வைத்தியர். பல வேளை அது மரணச் சான்றிதழ், பால்மா, அல்லது அரை நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

சில சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். "அழாதேங்கோ", "விதி அப்படி", "உங்களைவிட இழந்தவை எத்தனை பேர்", "மற்றப் பிள்ளையாவது மிஞ்சினதே" என்பவை ஆறுதலாகச் சொல்லப்படுகின்றன. கேட்பவருக்கு அவை வாயை மூடு என்பதுபோல் இருக்கும். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு விளங்குது. நான் பக்கத்திலதான் இருக்கிறன்" என்பது போதும். கேட்டதை வேறொருவரிடம் கொண்டு போகாமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

பெண்கள் கூடி இருக்கும் ஒரு நேரம்

பெண்கள் குழுவாகக் கூடுவது நமக்குப் புதிதல்ல. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சீட்டுக் கட்டுபவர்கள், கோயில், தேவாலயம், பள்ளிவாசலோடு சேர்ந்த மகளிர் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்தே தொடங்கலாம். பின்வரும் முறை பல கிராமங்களுக்கும் பொருந்தும்.

1. எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்கு முந்திய நேரம் பலருக்கு வசதி.

2. கையில் ஒரு வேலை இருக்கட்டும். பன்பாய் இழைக்கலாம், தையல் தைக்கலாம், மா வறுக்கலாம். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச முடியாதவர்கள் வேலை செய்துகொண்டே பேசுவார்கள்.

3. மூன்று ஒழுங்குகளை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே பேசியது வெளியே போகாது. பேச விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம். கேட்காமல் யாருக்கும் புத்திமதி சொல்வதில்லை.

4. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மூச்சை மெதுவாக உள்ளெடுத்து, இன்னும் மெதுவாக வெளிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், நம் மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், ஜெபம், திக்ர் ஆகியவற்றை மனதைத் தளர்த்தும் வழிகளாகப் பயன்படுத்தினார்கள். உங்களுக்குப் பழக்கமானதையே செய்யுங்கள்.

5. பிளேன்ரீ குடித்து, கொஞ்சம் சிரித்து முடியுங்கள். சிரித்தால் இறந்தவரை மறந்துவிட்டதாக ஆகாது.

6. வராதவரை அடுத்த நாள் யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். குழுவின் பெரிய பயன் இதுதான்.

கணவரை இழந்தவர்களை நல்லது கெட்டதுக்கு ஒதுக்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் அதற்கு இடமில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணோ, பச்சைக் குழந்தைக்காரியோ, மாற்றுத்திறனாளியோ வர முடியாவிட்டால் இருவர் அவர் வீட்டுக்குப் போகலாம். அவரை விட்டுவிட வேண்டாம்.

உடல் கிடைக்காத துக்கம்

செத்தவீடு என்றால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். ஊர் கூடுகிறது, ஒப்பாரி வைத்து அழுகிறார்கள், எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு பாதை இருக்கிறது. கத்தோலிக்கருக்கு நினைவுப் பூசையும் முஸ்லிம்களுக்கு ஜனாஸாத் தொழுகையும் துஆவும் இருக்கின்றன. உடல் கிடைக்காதபோது இந்தப் பாதை அடைபட்டுவிடுகிறது. "எங்கையாவது உயிரோட இருக்கலாம்" என்று பல ஆண்டுகள் காத்திருக்கும் தாய்மார் உண்டு.

அவர்களை "முடிஞ்சுது, விடுங்கோ" என்று அவசரப்படுத்த வேண்டாம். சடங்கு செய்வதா, எப்போது செய்வதா என்பதை அந்தத் தாயோ மனைவியோ தீர்மானிக்கட்டும். ஐயரோ, குருவானவரோ, மௌலவியோ உடல் இல்லாமலும் செய்யக்கூடிய வழிபாட்டை எடுத்துச் சொல்வார்கள். ஒரு மரம் நடுவது, படம் வைத்து விளக்கேற்றுவது, அவர் பெயரில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது ஆகியவையும் பாதையைத் திறந்துவிடும். மரணச் சான்றிதழ் வேறு விடயம். ஆழிப்பேரலையில் காணாமற்போனவர்களுக்குச் சான்றிதழ் வழங்க 2005 இல் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. உங்கள் வழக்கில் என்ன நடைமுறை என்பதைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். சான்றிதழ் எடுப்பதால் நம்பிக்கையைக் கைவிட்டதாக ஆகாது என்பதை அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

எப்போது வைத்திய உதவி தேவை?

பின்வருவனவற்றில் ஏதாவது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால் காத்திருக்க வேண்டாம்.

• நித்திரையும் சாப்பாடும் பெரிதும் குறைந்து உடல் மெலிதல்
• படுக்கையைவிட்டு எழும்ப, குளிக்க, சமைக்க, பிள்ளையைப் பார்க்க முடியாமல் போதல்
• பெற்ற குழந்தையின் மீது பற்று வராமை, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற பயம்
• பிறருக்குக் கேட்காத குரல் கேட்டல், தொடர்பில்லாமல் பேசுதல்
• மது அல்லது நித்திரைக் குளிசையில் தங்கியிருத்தல்

"இனி இருந்து என்ன", "நானும் அவையோட போயிருக்கலாம்" என்று யாராவது சொன்னால் அன்றே கவனியுங்கள். "உயிரை மாய்க்கிற எண்ணம் வருதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். "ஓம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தையும் குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

யாரிடம் போவது?

• உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு தேடி வருபவர் அவர். அவரிடம் தொடங்குவது எளிது.
• மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவு. அரச வைத்தியசாலையில் சிகிச்சையும் மருந்தும் இலவசம்.
• பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும்.
• 1926: தேசிய உளநல உதவி இலக்கம், 24 மணி நேரமும்.
• 1990: அவசர அம்புலன்ஸ், இலவசம்.

அனர்த்தத்துக்கு முன்பே உளநோய்க்கு மருந்து எடுத்து வந்தவர்கள் கிளினிக் கொப்பியைத் தொலைத்திருக்கலாம். கொப்பி இல்லை என்று மருந்தை நிறுத்திவிட வேண்டாம். அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். பழைய மருந்துப் பெட்டியோ குளிசை மட்டையோ இருந்தால் கொண்டு செல்லுங்கள்.

கோயிலில் நூல் கட்டுவதற்கும் பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதற்கும் வைத்தியம் எதிரி அல்ல. மனதுக்கு ஆறுதல் தருவதைச் செய்யுங்கள். அதற்காக மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு சொல்

உங்களுக்கும் இழப்பு உண்டு. வள்ளமும் வலையும் வயலும் போனபின் வேலையில்லாமல் இருப்பது எவ்வளவு வேதனை என்பது தெரியும். அந்த வேதனை சாராயத்தில் போய் முடிந்தால், அடுத்து அது மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் விழுகிறது. உங்களுக்கும் 1926 உண்டு, வைத்தியசாலை உண்டு. அதைக் கேட்பது ஆண்மைக்குக் குறைவல்ல.

வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு: இது அனர்த்தத்தின் விளைவு என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பல அரச வைத்தியசாலைகளில் உள்ள 'நட்பு நிலையம்' இப்படிப்பட்ட பெண்களுக்காகவே இயங்குகிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929.

இந்தக் கிழமை செய்யக்கூடியது

முதலில் சொன்ன தாயிடம் திரும்பி வருவோம். அவருக்கு என்ன செய்யலாம்? அடுத்த மழை இரவில் அயல்வீட்டு மச்சாள் ஒரு லாம்பைக் கொளுத்திக்கொண்டு வந்து, "நானும் முழிப்பாத்தான் இருக்கிறன், பிள்ளைகளைப் படுக்க விடுங்கோ" என்று சொல்லலாம். அடுத்த நாள் அவரோடு சேர்ந்து பிள்ளைகள் ஓட வேண்டிய மேட்டு நிலத்தையும் வழியையும் பார்த்து வைக்கலாம். ஆவணங்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கதவருகே வைக்கலாம். ஆயத்தமாக இருப்பது பயத்தைக் குறைக்கும். தலையிடி என்று நாலாவது தடவை வைத்தியசாலைக்குப் போகும்போது கூடப் போய், "இவவுக்கு மாசக்கணக்கில நித்திரை இல்லை, டொக்டர்" என்ற ஒரு வசனத்தை அவருக்காகச் சொல்லிவிடலாம்.

இந்த நான்கில் எதற்கும் பட்டம் தேவையில்லை. இந்தப் பக்கத்தை மூடியதும், வாசிக்கத் தொடங்கியபோது நினைவுக்கு வந்த அந்த முகத்தைத் தேடிப் போங்கள். அந்த முகம் உங்களுடையதாக இருந்தால், நீங்கள் நம்பும் ஒருவரிடம் இன்றைக்கு ஒரு வசனம் சொல்லுங்கள்: "எனக்கு இரவில நித்திரை வருதில்லை." மற்றதை அயல் பார்த்துக்கொள்ளத் தொடங்கும்.